கிணற்றடியிற் காத்திருக்கும் உவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் ஓடிக் கோடையில் வரண்டுவிடும். அவ்வாறிருந்தும் செம்மண் தோட்டங்களிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செழிக்கின்றன. குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் பெரும்பாலும் கிணற்று நீரே. அந்நீர் எவ்வளவு இருக்கிறது, எத்தனை காலத்துக்குப் போதும் என்று நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்?

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே நமது கிணறுகளுக்கு முதல். மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாகக் கீழிறங்கித் தேங்குகிறது. அக்கல்லின் அடியிலோ கடல்நீர் புகுந்து நிற்கிறது. நன்னீர் பாரங் குறைந்தது. ஆகவே அது உவர்நீரின்மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணம் இதுவே.

இம்மிதப்புக்கு ஒரு கணக்குண்டு. ஒல்லாந்தரான கைபன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901ஆம் ஆண்டிலும் அதனை எடுத்துரைத்தனர். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். வெடிப்பு மிகுந்த கல்லில் இக்கணக்குச் சற்றே பிசகலாம். ஆயினும் அதன் மறுபுறம் நம்மை அஞ்சவைக்கிறது: மேலே நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், கீழேயிருந்து உவர் 40 அடி வரை மேலெழக்கூடும்!

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆகவே காவலை இனி அறிவுதான் ஏற்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத உவரை எங்ஙனம் காண்பது? நிலத்தைத் தோண்டாமலே மின்சாரத்தால் காணலாம். பிரான்சு நாட்டினரான கொன்ராட் ஷ்லம்பேர்ஜர் 1912ஆம் ஆண்டளவில் இவ்வழியைத் தொடக்கி வைத்தார். நான்கு உலோக முளைகளை ஒரே வரிசையில் நிலத்தில் அறைந்து, வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்னோட்டம் செலுத்தி, உள் முளைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பர். வெளி முளைகளை அகற்ற அகற்ற மின்னோட்டம் மேலும் ஆழமாய்ச் செல்லும். நன்னீர் நிறைந்த கல் மின்னோட்டத்தைத் தடுக்கும். உவர்நீர் நிறைந்த கல் எளிதில் கடத்தும். இவ்வேறுபாட்டைக் கொண்டு, உவர் எந்த ஆழத்தில் தொடங்குகிறதென்று கணினி கணித்துத் தருகிறது.

விண்ணிலிருந்தும் தரைக்கீழ் நீரை ஆராய்கிறார்கள். 2002ஆம் ஆண்டில் ஏவப்பட்ட 'கிரேஸ்' இரட்டைச் செய்மதிகள், பூமியின் ஈர்ப்பில் நேரும் நுண்ணிய மாற்றங்களை அளந்தன. வடமேற்கு இந்தியாவில் 2002 முதல் 2008 வரை தரைக்கீழ் நீர் பெருமளவு குறைந்ததை அவற்றின் அளவீடுகள் உலகுக்குக் காட்டின. ஆனால் அவை கண்டவை பரந்த பிரதேசங்களையே. ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நமது குடாநாடு அக்கண்களுக்குத் தனியே தென்படாத சிறு புள்ளியாயிருந்தது.

ஆகையால், நமது நீரை நாமே அளக்கவேண்டும். இது மாணவரும் செய்யக்கூடிய பணியே. கிணற்றுக் கட்டில் ஓர் அடையாளமிட்டு, காலையில் இறைப்புத் தொடங்குமுன், அவ்வடையாளத்திலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழேயிருக்கிறதென வாரந்தோறும் அளந்து, திகதியுடன் குறித்து வைக்கலாம். கையடக்கமான கடத்துதிறன் கருவி கிடைப்பின் உவரின் அளவையும் பதியலாம். ஒரு கிணற்றின் கணக்கு ஒரு வீட்டுக்கு உதவும். ஊரிலுள்ள பல கிணறுகளின் கணக்கைக் கணினியில் ஒன்றுசேர்த்தால், எங்கே இறைப்பைக் குறைக்கவேண்டும், எங்கே மழைநீரைத் தேக்கி நிலத்துள் இறக்கவேண்டும் என்பது ஊருக்கே விளங்கும்.

வரவறியாது செலவிடும் குடும்பம் கடனில் மூழ்கும். கடனையேனும் என்றோ ஒருநாள் அடைத்துவிடலாம். உவரேறிய கிணறு மீண்டும் நன்னீராக எத்தனை மாரிகள் காத்திருக்க நேருமோ! கணக்கை இன்றே தொடங்குவோமாக.