மரம் நட்டுத் தொலைத்த புல்வெளி

மரம் நடுவது நல்லது என்று படிக்கிறோம் அல்லவா? மரம் நட்டதாலேயே ஒரு மலை வறண்ட கதை நீலகிரியில் உண்டு.

ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அங்கே பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் இயற்கையாகவே அமைந்தவை. அப்புல்லில் எருமை மேய்த்து வாழ்பவர்கள் தோடர்கள். இன்று ஏறத்தாழ 2,000 பேர். ஆங்கிலேயர்களோ புல்வெளியைத் தரிசு என்று எண்ணினர். தோடர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்! 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் தைல மரமும் வந்தன. விடுதலைக்குப் பின்னரும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயானுக்கான மரக்கூழுக்காகவும் நடவு தொடர்ந்தது.

புல்வெளியும் அதன் சதுப்பும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையில் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுகின்றன. தைல மரமோ ஆழமாக வேரோடி அந்நீரை உறிஞ்சி, இலைவழியே ஆவியாக்கிவிடும். சீகையின் விதை இன்னும் பொல்லாதது. பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடந்து, தீயின் சூடு பட்டதும் முளைக்கும். மரத்தை வெட்டினாலும் விதை போகாது. அதன் அடர்ந்த நிழலில் புல் வளராது. எருமைக்கு மேய்ச்சல் ஏது?

மேய்ச்சலோடு போகவில்லை நஷ்டம். பாதி பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற தோடர் கோயிலின் கூரைக்கு ஒரு தனிவகைப் புல் வேண்டும். அது வளர்வது சதுப்பு நிலத்தில். சதுப்பு வற்றிய இடங்களில் அந்தப் புல்லும் இல்லை. கூரை மாற்றும் காலம் வந்தால், அதைத் தேடித் தொலைவுக்குப் போகிறார்கள்.