விட்டிலின் ஐந்தாம் அறிவு

மணிமுத்தாறு தாமிரபரணியின் துணையாறு. அது மலையிறங்கும் பக்கம், களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தை ஒட்டி, 2020இல் ஒரு அந்துப்பூச்சி பதிவாயிற்று: மிமியூசெமியா சிலோனிகா. இலங்கையில் கிடைத்ததை வைத்து ஜார்ஜ் ஹாம்ப்சன் 1893இல் விவரித்த இனம். இந்தியாவில் இதுதான் முதல் பதிவு. 127 ஆண்டுகளுக்குப் பின் 'மீண்டும் கண்டுபிடிப்பு' என்று செய்தியாக்கினார்கள். பூச்சி எங்கேயும் தொலைஞ்சு போயிடலை. எழுத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'மிமியூசெமியா' என்றால் யூசெமியா என்ற பேரினத்தின் சாயல் கொண்டது. 'சிலோனிகா' என்றால் சிலோனுடையது. ஒரு பாதி இன்னொன்றின் நகல் என்கிறது. மறுபாதி வெளியூர்க்காரன் என்கிறது. முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது பெயரிடல் விதி. பாபநாசத்தில் நூறு கிடைத்தாலும் சிலோன் சிலோன்தான். (அசோகரின் சாசனங்களில் இலங்கைக்குப் பெயரே தம்பபண்ணி. இதை ஆற்றங்கரைக்காரர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.)

குடும்ப விவகாரம் இன்னும் சிக்கல். இந்தக் கூட்டத்தில் பல இனங்கள் பகலில் பறப்பவை, பளிச்சென்ற நிறத்தவை. அதனால் 'அகரிஸ்டிடே' என்று தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போன ஹாம்ப்சனும், தன் 1901ஆம் ஆண்டுப் பட்டியலில் அப்படித்தான் வைத்தார். இன்று அது நாக்டுயிடே குடும்பத்தின் ஒரு துணைக்குடும்பம் மட்டுமே. நாக்டுயிடேயும் அதன் உறவுக் குடும்பங்களும் சேர்ந்த பெருங்குடும்பத்தைப் பிணைக்கும் அடையாளம் சிறகில் இல்லை; மார்பின் பின்பகுதியிலுள்ள ஒரு ஜோடிச் செவிப்பறையில் இருக்கிறது. வௌவாலின் மீயொலியைக் கேட்டுத் தப்பிக்கிற காது அது.

தொல்காப்பிய மரபியலும் உயிர்களைப் புலனறிவை வைத்தே பிரிக்கிறது. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு, செவி ஐந்தாவது. விட்டிலைத் தும்பியோடு வைத்தால் அதன் காது கணக்கில் வராது. 'அன்றே சொல்லிட்டாங்க' என்பவர்களுக்கு இது சங்கடம்தான். ஆனாலும் எந்தப் பண்பை அளவுகோலாக்குவது என்ற கேள்வியை அந்த நூல் நேராகவே எதிர்கொண்டது. நாமோ அந்தக் கேள்வியையே விட்டுவிட்டோம்.

'அந்து' என்பது குதிருக்குள் நெல்லைத் தின்னும் பூச்சி. காட்டில் திரிகிற ஆயிரக்கணக்கான இனங்களுக்கும் அந்தக் களவாணியின் பெயரையே பொதுப்பெயராக்கிவிட்டோம். நாக்டுயிடேயிலும் இதே கதை. பருத்திக் காய்ப்புழுவும் மக்காச்சோளப் படைப்புழுவும் விவசாயி முதல் வேளாண் துறை வரை எல்லாருக்கும் அத்துப்படி. பயிர்ப்பக்கம் வராத மணிமுத்தாற்றுப் பங்காளிக்கு நம் அகராதிகளில் இடமில்லை.