போகும் திசைக்கு முதுகு காட்டும் விளையாட்டு

ஜெலுத்தோங் கடலோரத்தில் வளர்ந்த நமக்கு மீனவர் படகுகளும், தூரத்தில் தெரியும் பினாங்குப் பாலமும் பழகிய காட்சிகள். தெலுக் பஹாங் அணைக்கட்டில் நடக்கும் டிராகன் படகுப் போட்டியும் தெரியும். எனவே துடுப்புப் போட்டி என்றதும் அதையே நினைக்கிறோம். ஒலிம்பிக் போட்டியிலுள்ள ‘ரோயிங்’ வேறு. டிராகன் படகில் முன்னோக்கி அமர்ந்து, கையில் பிடித்த துடுப்பால் நீரைத் தள்ளுகிறோம். ரோயிங்கில் துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும். வீரர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். இருக்கை முன்னும் பின்னும் நகர்வதால் பெரும்பங்கு உழைப்பு கால்களுடையது. கை வலிமை இருந்தால் போதும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்!

ஒற்றையர் பிரிவில் இரு துடுப்புகளுடன் ஒருவரே 2000 மீட்டர் செல்ல வேண்டும். படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ மட்டுமே. நம் கடலின் சிற்றலைகூட அதைத் தடுமாற வைத்துவிடும்.

இப்பிரிவில் இந்தியாவுக்குப் பெயர் தேடித் தந்தவர் பஜ்ரங் லால் தாக்கர். பாலைவன மாநிலமான ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். இந்திய இராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைப் பிடித்தவர். பயிற்சியாளர் இஸ்மாயில் பேய்க்கின் கீழ் வளர்ந்து, 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். 2010 குவாங்சோவில் தங்கம்! ஆசிய விளையாட்டு ரோயிங்கில் இந்தியாவின் முதல் தங்கம் அதுவே. 2013-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

எனக்கு அவருடைய அடுத்த கட்டமே பெரிதாகத் தோன்றுகிறது. பயிற்சியாளரான அவரிடம் பயின்றவர் ஹரியானாவைச் சேர்ந்த இராணுவ வீரர் பல்ராஜ் பன்வார். அதே ஒற்றையர் பிரிவு. வீரருக்குத் தன் துடுப்பு நீரில் இறங்கும் கோணம் முழுமையாகத் தெரியாது. பயிற்சியின்போது அருகில் வருபவர்தான் கவனித்துத் திருத்த வேண்டும். ஆனால் போட்டி தொடங்கிவிட்டால் வானொலிக் கருவிகள் வழியாக அறிவுரை கூற விதி இடம் தராது. முன்பு தாமே துடுப்பைப் பிடித்தவருக்கு அந்த ஏழு நிமிட மௌனம் எப்படி இருக்கும்!

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பன்வார் மறுவாய்ப்புச் சுற்றின் வழியாகக் காலிறுதிக்குச் சென்றார். முடிவில் 23-ஆம் இடம். “இவ்வளவுதானா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கவனிக்காதது ஒன்றுண்டு. பதக்க வாய்ப்பே இல்லாத கடைசிப் போட்டியை பன்வார் 7 நிமிடம் 2.37 விநாடியில் முடித்தார். பாரிஸில் அவர் ஓட்டிய ஐந்து போட்டிகளில் அதுவே விரைவானது.