மலைப் பைனும் மாடத்துத் தொட்டியும்

கோடை விடுமுறைக்கு ஸிம்லா சென்று திரும்பும் நம்மவர் சிலருடைய மூட்டைகளில், கம்பளிச் சால்வைக்கும் மரப் பொம்மைக்கும் இடையே, ஈரத்துணி சுற்றிய பைன் கன்று ஒன்றும் வந்து சேர்கிறது. லோதி தோட்டத்திலுள்ள தேசியப் போன்சாய்ப் பூங்காவைக் கண்டு ஆசை கொண்டவர்கள் அவர்கள். ஆசை நல்லதே. ஆயினும், தில்லியின் அனற்காற்றில் அக்கன்று பிழைப்பது அரிது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

போன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்ட செடி என்று பொருள். விதையிட்டு வளர்ப்பது ஒரு முறை. பாறையிடுக்கில் காற்றும் பனியும் குறுக்கி வளைத்த முதிய மரத்தைப் பெயர்த்து வருவது மற்றொரு முறை. இதனை அவர்கள் 'யமதோரி' என்பர். வேனிலின் தொடக்கத்தில், மொட்டு விரியுமுன் தோண்டுவர். பைனின் வேர்களோடு ஒருவகைப் பூஞ்சை வெண்ணூல்போல் பின்னி, மண்ணிலுள்ள நீரையும் உப்புகளையும் மரத்துக்கு ஊட்டுகிறது. ஆதலால் தாய்மண்ணை முழுதும் உதிர்த்துவிட மாட்டார்கள். பெருமணல் நிரப்பிய பெட்டியில் வைத்து, புதுவேர் பிடிக்கும்வரை கிளையில் கத்தி வைக்காது ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். நம்மவரோ மே மாத வெயிலில் பிடுங்கி, வேரைக் குழாயடியில் கழுவி, ரயிலேற்றுகிறோம்!

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி, காப்புக் காட்டிலிருந்து அனுமதியின்றி மரம், செடி, விதை எதையும் எடுப்பது குற்றம்.

எனினும் மரத்தை அடையாளம் கண்டு மகிழ எவர் அனுமதியும் வேண்டியதில்லை. அதற்கு 1903இல் திறக்கப்பட்ட கால்கா–ஸிம்லா சிறு ரயிலைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை என்போம். 96 கிலோமீட்டரில் சுமார் 650 மீட்டர் உயரத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் ஏறுகிறது அது. தரம்பூர், ஸோலன் பக்கங்களில் இருபுறமும் நிற்பது சீர் பைன். உதிர்ந்த ஊசிக் கொத்தொன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள்: மூன்று ஊசிகள், நீளம் 20 முதல் 30 சென்டிமீட்டர். மேலே குளிர்ந்த சரிவுகளில் ஊசிகள் ஐந்தாகி, மெலிந்து, நீலம் கலந்து தொங்கினால் அது கைல் என்னும் நீலப் பைன். ஸிம்லாவை நெருங்கும்போது குறுகிய ஊசிகள் இருபது முப்பதாக ஒரு முடிச்சில் விரிந்திருப்பது தேவதாரு. அது பைனே அன்று. (பழைய ரயில்பாதைகளில் தேவதாருக் கட்டைகளை அப்படியே இட்டார்கள், சீர் பைனைக் கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய பின்னரே இட்டார்கள். மரத்தின் குணம் அவ்வளவு வேறு.) கின்னௌர் பக்கம் சில்கோசாப் பைன் உண்டு. அதற்கும் மூன்று ஊசிகளே, ஆனால் குட்டையானவை. பட்டை செதில் செதிலாக உரியும். அதன் கொட்டைகளைக் குளிர்காலத்தில் நாம் வாங்கித் தின்கிறோம். விதைகளையெல்லாம் பறித்துவிடுவதால் புதுக்கன்றுகள் அருகி வருகின்றன.

இளங்கன்று மட்டும் ஏமாற்றும். முதலிரு ஆண்டுகளில் சீர் பைனின் ஊசிகள் கொத்தாக அல்லாமல் தனித்தனியே, வெளிறிய நீலப் பச்சையாக இருக்கும். நம்மூர்ச் சவுக்கையும் பைன் என்று எண்ணுவோர் உண்டு. சவுக்கின் 'ஊசி'யை இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்றுவிடும். பைன் ஊசிக்குக் கணு இல்லை.

தில்லியில் பைன் வளர்த்தே தீரவேண்டும் என்போர் நாற்றுப்பண்ணையில் சீர் பைனை வாங்கட்டும். தாழ்ந்த மலைகளின் வெப்பம் பழகிய இனம் அது. நீர் தேங்காத மணற்பாங்கான மண்ணும், நாள் முழுதும் வெயிலும் வேண்டும். நீண்ட ஊசியைச் சிறு தட்டுக்கு இசைவிப்பது கடினம். இளந்தளிரை ஆண்டுதோறும் கிள்ளிவிட்டால் ஓரளவு குறுகும். பொறுமை இல்லாதோர்க்கு இது உகந்ததன்று. 1976இல் ஜப்பானியக் குடும்பம் ஒன்று வாஷிங்டனுக்கு அளித்த வெண்பைன் 1625 முதல் தட்டிலேயே வளர்ந்து, 1945இல் ஹிரோஷிமாக் குண்டுக்கும் தப்பியது. அதனை எத்தனை தலைமுறை நீர் வார்த்திருக்கும்!

காட்டு மரத்தைப் பெயர்த்துத்தான் ஆகவேண்டும் என்ற தாகம் உடையோர்க்கு மலை ஏறும் சிரமமே வேண்டாம். குவார்ட்டர்ஸ் கைப்பிடிச் சுவரிலும் மழைநீர்க் குழாயோரத்திலும் பறவைகள் விதைத்த அரசங்கன்றுகள் முளைத்து நிற்கின்றன. ஒரு பிடி சுண்ணாம்பில் வேரோடி, தாமாகவே குறுகிய மரங்கள் அவை. அகற்றினால் சுவரும் பிழைக்கும். அரச மரத்தை வெட்ட மனம் கூசும் வீட்டுப் பெரியவர்களும் மகிழ்வர். ஜூலையில் மழை பிடித்ததும் சுவரை நன்றாக நனைத்து, சிற்றுளியால் காரையைப் பெயர்த்து, வேர் அறாமல் எடுங்கள். இலைகளில் பாதியைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் நட்டு, புதுத்தளிர் காணும்வரை நிழலில் வையுங்கள். தட்டுக்கு மாற்றுவது அடுத்த ஆண்டு மழைக்குத்தான்.