குறுவை விதைப்பில் நாட்கணக்கு

காவேரி டெல்டாவில் குறுவை நெல் கெடுவது பெரும்பாலும் அறுப்புக் காலத்தில்தான். ஆனால் அதற்குரிய காரணமோ விதைவிட்ட நாளிலேயே ஏற்பட்டு விடுகிறது.

நெற்பயிர் எவ்வளவு வயதுடையதாயினும், பூத்தபின் முற்றுவதற்குச் சுமார் 30 நாட்களும், தண்டினுள் கதிர் உருவாகத் தொடங்கியது முதல் பூப்பதற்குச் சுமார் 35 நாட்களும் கொள்கிறது. இவ்விரண்டும் எல்லா ரகங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ரகத்துக்கு ரகம் வேறுபடுவது தூர் கட்டும் பருவம் மட்டுமே. 110 நாள் வயதுடைய ஆடுதுறை 43 ரகத்திற்கு அப்பருவம் நாற்றங்கால் உட்பட 45 நாட்கள். 155 நாள் வயதுடைய பொன்மணிக்கு 90 நாட்கள். தண்ணீரை எதிர்பார்த்துக் குறுவை நாற்றை 40 நாட்கள் நாற்றங்காலில் வைத்திருந்து நடும் குடியானவருக்கு, தூர் கட்ட 5 நாட்களே மிஞ்சும். அவ்வயல் சிறு கதிர்களை ஈன்று ஏமாற்றிவிடும். மேலுரம் எவ்வளவு இட்டாலும் அக்குறை தீராது. நாற்றின் வயது மாதத்திற்கு ஒரு வாரம் என்னும் பழைய கணக்கு இங்கே முற்றிலும் பொருந்துகிறது. சம்பா நாற்றோ சில நாட்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

இனி மழையைக் கவனிப்போம். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20-ம் தேதியையொட்டித் துவங்குகிறது. ஜூன் 15-ல் விதைத்த 110 நாள் ரகம் அக்டோபர் 3-ல் அறுவடைக்கு வரும். ஜூலை 1-ல் விதைத்தது அக்டோபர் 19-ல் முற்றும். ஜூலை 15-ல் விதைத்தாலோ நவம்பர் 2. அதாவது ஐப்பசி அடைமழையில் அறுப்பு. சாய்ந்த கதிரில் நெல் முளைவிடும், வைக்கோல் அழுகும், கொள்முதல் நிலையத்தில் பொதுவாக வைத்துள்ள 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல்லை உலர்த்தக் களமும் வெயிலும் கிடையா. ஆகவே, ஜூலை முதல் வாரத்திற்குப் பின் குறுவை விதைவிடாதிருப்பதே நலம்.

மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2020, 2021-ம் ஆண்டுகளில் அந்நாளிலேயே திறக்கப்பட்டது. 2022-ல் மே 24-ந் தேதியே தண்ணீர் விடப்பட்டது. 2024-லோ ஜூலை 28 ஆயிற்று. அணை திறந்த நாளையே தண்ணீர் வந்த நாளாகக் கொள்ளுவதும் தவறு. கல்லணையை எட்டச் சில நாட்களும், கடைமடை வாய்க்கால்களுக்கு அதன்மேல் இன்னும் பல நாட்களும் ஆகும். குழாய்க் கிணறு உள்ள மிராசுதார்கள் ஆற்றை எதிர்பாராமல் நாற்று விடலாம். அவர்கள் அண்டை அயலாருக்கும் சேர்த்து நாற்று விடுவது மிகவும் உபகாரமானது.

தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் குறுவையை விட்டுவிடத் தயங்குவோர் பலர். ஒரு போகம் போகிறதே என்னும் அவர்களது வருத்தம் நியாயமானதே. எனினும் அவ்வயலில் கோடை மழை ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் சம்பாவுக்கு நல்ல தழையுரமாகும். ஆகஸ்டு 10-ல் விதைத்த பொன்மணி, நவம்பர்ப் பெருமழை கழிந்து டிசம்பர் 13-ந் தேதியளவில் பூத்து, பொங்கலுக்கு முன் முற்றிவிடும். செப்டம்பர் 15-ல் விதைத்தால் அதே ரகம் ஜனவரி 18-ல்தான் பூக்கும். அணை மூடும் வழக்கமான நாளாகிய ஜனவரி 28-க்குப் பின் பால் பிடிக்கும் பயிர் தண்ணீருக்கு ஏங்கும். அத்தகைய பின்பருவத்திற்கு 135 நாட்களுக்கு மேற்படாத ஆடுதுறை 38 போன்ற ரகமே ஏற்றது.

கிராம அதிகாரிகள் தத்தம் கிராமத்து வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்த தேதியை ஆண்டுதோறும் குறித்து வைத்து, விதை வாங்கும் காலத்திற்கு முன்பே அதனைச் சாவடியில் எழுதிப் போடலாம்.