அட்டையில் அடங்கும் வண்ணம்

பல்கலைக்கழகத்தில் இரவல் வாங்கும் கேமரா நேற்று யார் கையில் இருந்ததோ, என்னவெல்லாம் மாற்றினார்களோ, நமக்குத் தெரியாது. அவர்கள் நிறத்தைக் கூட்டி வைத்திருந்தால் அந்தச் சாயல் நம் படத்திலும் விழும்.

2005இல் வெளிவந்த பேனசோனிக் எச்விஎக்ஸ்200 கேமராவில் எஃப்1 முதல் எஃப்6 வரை திருகும் விசை ஒன்று உண்டு. ஒவ்வோர் எண்ணிலும் காமா, நிறச்செறிவு, கறுப்பின் ஆழம், விளிம்புக் கூர்மை எல்லாம் ஒரே தொகுப்பாக இருக்கும். அதன் பெயர் சீன் ஃபைல். சோனி இதைப் பிக்சர் புரொஃபைல் என்கிறது, கேனன் கஸ்டம் பிக்சர் என்கிறது. பெயர்தான் வேறு.

படம் பதிவாவது பி2 அட்டையில். அமைப்புகளைச் சுமக்கத் தனியாக ஓர் எஸ்டி அட்டை. அதில் சேமித்துவிட்டால், அதே மாடலின் இன்னொரு கேமராவிலும் உங்கள் தொகுப்பை ஏற்றலாம். இரண்டு கேமராக்களில் நாடகம் எடுப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒன்றில் சிவந்த முகம் மற்றொன்றில் வெளுத்துத் தெரிந்தால் எடிட்டிங்கில் தலைவலிதான். இவ்வகைக் கேமராக்களில் இந்த அமைப்புகள் காட்சியோடு கலந்தே பதிவாகின்றன. வெளுத்துப்போன நெற்றியைக் கணினியில் மீட்க முடியாது.

ஆனாலும் வெள்ளைச் சமநிலையை ஒவ்வோர் அரங்கிலும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், விளக்குகள் மாறுமே. அட்டையை ஃபார்மட் செய்யுமுன் கணினியில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.