சுருட்டுப் புகையும் ஃபிக்ஹின் நிபந்தனையும்

மூலக்குளத்தில் நடந்த ஒரு நிக்காஹ் விருந்தின் முடிவில், பந்தலுக்கு வெளியே அமர்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் சுருட்டைப் பற்ற வைத்தார். என்னைக் கண்டதும் சற்றே கூச்சத்துடன், "ஹஜ்ரத், நான் சிகரெட் தொடுறதில்லை. இதையும் உள்ளே இழுக்கிறதில்லை. வாயில வச்சு ஊதிடுவேன். நம்ம கிதாபுகள்லயும் மக்ரூஹ்னுதானே இருக்கு?" என்றார். அக்கேள்வியில் மருத்துவம் சார்ந்த வாதம் ஒன்றும் மார்க்கம் சார்ந்த வாதம் ஒன்றும் அடங்கியிருந்தன. படித்தவர்களிடையேயும் நிலவும் இவ்விரு வாதங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருட்டு நம் மண்ணில் வேரூன்றிய பழக்கம். 'சுருட்டு' என்ற தமிழ்ச் சொல்லே பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று 'செரூட்' ஆயிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து புகழ் பெற்றது. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் அதன் சாம்பலைக் கொண்டே அதனை இனங்காண்கிறார். பாட்டன் காலம் தொட்டு வரும் பழக்கம் என்பதாலேயே இது தீங்கற்றது என்ற எண்ணமும் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது.

"உள்ளே இழுப்பதில்லை" என்ற வாதத்தை முதலில் காண்போம். சிகரெட்டின் புகை பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள நிகோடின் வாயின் உட்சவ்வு வழியே எளிதில் ஊடுருவாது. ஆகவே புகைப்பவர் அதனை நுரையீரலுக்குள் இழுக்கிறார். சுருட்டுக்குரிய இலையோ மெதுவாக உலர்த்தப்பட்டு, நெடுநாள் நொதிக்க வைக்கப்படுகிறது. அதன் புகை காரத்தன்மை பெறுவதால், நிகோடின் உட்கன்னத்தின் வழியாகவே குருதியில் கலந்துவிடுகிறது. எனவே சுருட்டுப் பிடிப்பவர் புகையை உள்ளே இழுக்காதிருப்பது பேணுதலால் அன்று. இழுக்க வேண்டிய தேவையே இல்லாததால்தான். நொதித்தலின்போது நைட்ரோசமைன் எனப்படும் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களும் இலையில் பெருகுகின்றன. ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை இருக்க, பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். நுரையீரலுக்குச் செல்லாத நஞ்சு வாயிலும் தொண்டையிலும் தங்குகிறது. உமிழ்நீருடன் உணவுக்குழாயிலும் இறங்குகிறது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டைப் பற்றி 1998இல் ஒரு தனி ஆய்வுத் தொகுப்பையே வெளியிட்டது. நாளொன்றுக்கு ஓரிரு சுருட்டுகள் பிடிப்போருக்கு வாய்ப்புற்று, உணவுக்குழாய்ப் புற்று ஆகியவற்றின் அபாயம் இரு மடங்காகிறது என்றும், மூன்று நான்கு பிடிப்போருக்கு வாய்ப்புற்றின் அபாயம் எட்டு மடங்குக்கும் மேல் உயர்கிறது என்றும் அது கூறியது. சிகரெட்டே பிடித்திராத 17,774 ஆண்களை ஆராய்ந்து 1999இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, சுருட்டுப் பிடித்தோரிடம் நுரையீரல் புற்று இரு மடங்குக்குச் சற்று மேலாகவும், இதயத் தமனி நோய் நூற்றுக்கு 27 பங்கு கூடுதலாகவும் காணப்பட்டதென அறிவித்தது. பெரியவரின் முதல் வாதம் இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

அமெரிக்க ஆய்வு நமக்கு எதற்கு என்போர் அண்டை மாநிலத்தைப் பார்க்கலாம். ஆந்திரத்தின் வடகரையில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடையே நெடுங்காலம் இருந்தது. பிற இடங்களில் அரிதாகத் தோன்றும் மேலண்ணப் புற்று அவர்களிடையே மிகுதியாகக் கண்டறியப்பட்டது. நெருப்பும் புகையும் எவ்விடத்தைத் தொடுகின்றனவோ, அவ்விடத்திலேயே நோய் முளைக்கிறது.

இனி மார்க்க வாதத்துக்கு வருவோம். புகையிலை இமாம்களின் காலத்தில் இல்லாத பொருள். ஹிஜ்ரி 1000ஐ ஒட்டியே அது முஸ்லிம் நாடுகளை எட்டியது. உஸ்மானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் அதனைத் தடை செய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் விதித்தார். உலமாக்களோ கருத்து வேறுபட்டனர். எகிப்தின் மாலிக்கி அறிஞர்களில் இப்ராஹீம் அல்லகானி (ரஹ்) அதனைத் தவிர்க்கும்படி ஒரு நூல் எழுத, அலீ அல்உஜ்ஹூரி (ரஹ்) ஆகுமெனக் கூறி ஒரு நூல் எழுதினார். திமிஷ்கின் ஹனஃபி அறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸி (ரஹ்) அவர்களும் ஆகுமென்றே எழுதினார்.

ஆனால் ஆகுமென்ற அல்உஜ்ஹூரி, எவருக்கு அது தீங்கு செய்யுமோ அவருக்கு ஆகாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார். மக்ரூஹ் என்ற பிற்கால ஷாஃபிஈ அறிஞர்களும், தீங்கு உறுதியாகத் தெரிந்தால் அது ஹராமாகும் என்றே கூறினர். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் மஹல்லிக்கு விளக்கக் குறிப்பு எழுதிய இமாம் அல்கல்யூபி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 1069) இன்னும் தெளிவாகப் பேசினார். புகை உடலின் பாதைகளைத் திறந்து நோய்களை ஏற்க ஆயத்தமாக்குகிறது என்ற கருத்தில், அது ஹராம் என்றே முடிவு செய்தார். நானும் பல ஆண்டுகள் பாடத்தில் 'மக்ரூஹ்' என்று மட்டும் சொல்லி, நிபந்தனையைச் சொல்லாமல் கடந்திருக்கிறேன். அது என் குறையே.

"பிடிப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லையே, இது எப்படி உறுதியாகும்?" என்று கேட்கலாம். ஃபிக்ஹில் சட்டம் பிறக்க முழு உறுதி தேவையில்லை; மேலோங்கிய எண்ணமே போதும். தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் உளூவை விட்டுத் தயம்மும் செய்கிறோம். கடமையான ஒன்றையே மருத்துவரின் சொல்லை ஏற்று விடலாம் என்னும்போது, கடமையல்லாத சுருட்டை விடுவதற்கு உலக மருத்துவர்களின் ஒருமித்த சொல் போதாதா? தம்மைத் தாமே அழிவுக்குள் தள்ளிக்கொள்வதைத் தடுக்கும் அல்பகரா 195ஆம் வசனமும், தனக்கோ பிறர்க்கோ தீங்கு கூடாது என்ற நபிமொழியும் இதற்குத் துணை நிற்கின்றன.

பிறர்க்குத் தீங்கு என்பதும் சிறிய செய்தியன்று. பச்சைப் பூண்டு உண்டவரைப் பள்ளிவாசலிலிருந்து விலகியிருக்கச் சொன்ன மார்க்கம், ஒரு மணி நேரம் புகையும் சுருட்டைப் பேரப்பிள்ளைகள் சூழ்ந்த திண்ணையில் எவ்வாறு பொறுக்கும்? நாட்டின் சட்டமும் இதனை விட்டுவைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் அட்டவணையில் சிகரெட், பீடியுடன் சுருட்டும் இடம்பெற்றுள்ளது.

பெரியவரிடம் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். ரமளானில் பகல் முழுதும் அல்லாஹ்வுக்காக விடுகிறவரால் மற்ற மாதங்களிலும் விட முடியும் என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், நாக்கின் ஓரத்தில் சில மாதங்களாக ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதாகச் சொன்னார். வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மாறாத குரல் கரகரப்பு, விழுங்கும்போது தடை ஆகியவை மூன்று வாரங்களைக் கடந்தும் நீடித்தால் தாமதிக்கலாகாது. தொடக்கத்தில் கண்டறிந்தால் வாய்ப்புற்று குணமாகும் வாய்ப்பு மிகுதி. கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு மறுநாளே செல்லும்படி அவரிடமும் அவருடைய மகனிடமும் வலியுறுத்தினேன். அவர் கையிலிருந்த சுருட்டை அணைத்துவிட்டு எழுந்தார்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் அவருக்கும் நமக்கும் தந்தருள்வானாக.